நாலரைக்குள் அறுக்க வேண்டிய புடவை

அட்டவணையை நானே டைப் செய்து, லேமினேட் போட்டு, வேனில் ஏறியதும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பத்து மணிக்குச் சாயப்பட்டறை. பத்தே முக்காலுக்குப் பாவு விரிக்கும் தெரு. பன்னிரண்டுக்குத் தறி வீடு. ஒன்றரைக்கு இலைச் சாப்பாடு, மூன்றுக்குக் கோயில், ஐந்துக்குக் காவிரிக்கரை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டு நெசவு ஊரை ஒரே நாளில் சுற்றிக்காட்ட நான் போட்ட திட்டம் அது. எனக்கு அதுதான் முதல் சுற்று. நான் வேலை பார்த்த தங்கும் விடுதியின் முதலாளி, நன்றாகப் போனால் ஞாயிறுதோறும் நடத்தலாம் என்றிருந்தார்.

நான் திருத்துறைப்பூண்டிக்காரி. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு வருஷம் நாற்காலியில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்து திரும்பியவள். நெசவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு மாதம் வீடியோக்களில் பார்த்ததும், அந்த ஊருக்கு நாலைந்து தடவை போய்த் தறி வீடுகளில் கேள்வி கேட்டே எல்லோரையும் களைப்படைய வைத்ததும்தான். குறிப்பாகத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்ட் பெட்டி என்னைப் பைத்தியமாக்கியிருந்தது. எந்த நூலைத் தூக்குவது என்று சொல்லும், ஓட்டை போட்ட அட்டைகள் அதில் மாலை மாதிரி தொங்கும். ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இதற்குத்தானே நான்கு வருஷம் ஃபீஸ் கட்டினோம் என்று இருந்தது.

வந்தவர்கள் நான்கு பேர். பெங்களூரிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. மெக்சிகோவிலிருந்து ஒரு தாயும் மகளும். மகள் சென்னையில் ஏதோ ஆராய்ச்சி செய்தாள், தாய் அவளைப் பார்க்க வந்திருந்தார். வேன் கிளம்பி ஐந்து நிமிஷத்தில் மகள் ஒரு விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னாள். அவர்கள் மெக்சிகோவின் பூர்வகுடிகளான சபோடெக் மக்களாம். அவர்களுடையதும் நெசவு ஊர்தானாம். அம்மா நாற்பது வருஷமாகக் கம்பளி விரிப்பு நெய்கிறாராம். அங்கேயும் இப்படித்தான் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கி, சாயம் காய்ச்சுவதைப் பார்த்து, தறியைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம்.

மெஸ் நடத்துகிறவருக்கு நான் விருந்து சமைக்கப் போவது மாதிரி ஆகிவிட்டதே. அதனாலேயே வழக்கத்தைவிட வேகமாகப் பேச ஆரம்பித்தேன். சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டியில் நூல் கட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் மூன்று சொன்னேன். பாவு விரிக்கும் தெருவில் அன்று ஞாயிறு என்பதால் பாவே இல்லை. வெறும் தெருவைக் காட்டி, புடவையின் நீளவாட்டு நூலான பாவு இருந்தால் எப்படி இருக்கும் என்று கையை வீசி விளக்கினேன். மெக்சிகோ அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தறி வீட்டுக்குப் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டோம். அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவரும் நெசவாளர்தான். இருவரும் தங்களுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள், எங்களிடம் தமிழ். அக்கா குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை. இன்னும் அரைச் சாண்தான் பாக்கி.

"நாலரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள அறுத்து மடிச்சு பொண்ணு வீட்டுக்காரங்க கையில குடுத்தாகணும்" என்றார். "நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. புதன்கிழமை கல்யாணம். இன்னிக்கு விட்டா ஆகாது."

நாலரைக்கு ராகுகாலம் பிறந்தால் ஆறு மணிவரை அறுக்க முடியாது. ஆறு மணிக்கு விளக்கேற்றிய பிறகு அந்த வீட்டில் தறியிலிருந்து புடவை அறுப்பதில்லை. பெண் வீட்டார் நன்னிலத்திலிருந்து மூன்றரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கே முடித்துவிடலாம், நீங்கள் நிதானமாகப் பாருங்கள் என்றார் அக்கா. பிறகு அடுப்பில் வைத்த சாதத்தை வடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனார். கணவர் நூல் வாங்கப் போயிருந்தார்.

பெங்களூர்க்காரர் செல்போனை நீட்டிக்கொண்டு, தறிச் சத்தம் வீடியோவில் வேண்டுமே என்றார். அக்கா வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த இரண்டு நிமிஷம் சும்மா நிற்க முடியவில்லை. குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்தேன். நூலைத் தொடக்கூடாது என்று நன்றாகத் தெரியும். குறுக்கு நூலான ஊடையை ஓட்டும் நாடாவைத் தொடவில்லை, அதை இறுக்கும் பலகையைத் தொடவில்லை. மிதியை மட்டும் மிதித்தேன். மேலே பெட்டி தடக்கென்று தூக்கியது, அட்டை ஒன்று நகர்ந்தது. அருமையான சத்தம். திரும்பத் திரும்ப மிதித்தேன். இது ஒரு கம்ப்யூட்டர் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே மிதித்தேன். அக்காவின் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

அக்கா உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தார். நானோ அவரை விடவில்லை. ஜரிகை எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்வீர்கள், கால் வலிக்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மொழிபெயர்த்தேன். அவரும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே நெய்தார். அந்தத் தறியில் புடவையின் முகம் கீழ்ப்பக்கம் இருக்கும். மேலே பார்த்தால் நூல் வால்கள்தான் தெரியும்.

மெக்சிகோ அம்மா திடீரென்று தரையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். தறிக்கு அடியில் தலையை நீட்டிப் புடவையின் முகத்தைப் பார்த்தார். மகளிடம் ஏதோ சொன்னார். மகள் என்னைப் பார்த்துத் தயங்கி, பறவை ஏதோ உடைந்த மாதிரி இருக்கிறதாம் என்றாள்.

அக்கா சிறிய கண்ணாடி ஒன்றை எடுத்து அடியில் பிடித்தார். கரையில் வரிசையாக அன்னங்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசி அன்னத்துக்குக் கழுத்தே இல்லை. உடம்பு முடிந்த இடத்திலிருந்து நேராக அலகு. அதற்குப் பிறகு மூன்று விரற்கடை நெய்தாகிவிட்டது.

எனக்கு உடனே புரிந்தது. ஒரு மிதிக்கு ஒரு அட்டை. நூலைத் தொட்டால்தான் கெடும் என்று நினைத்திருக்கிறேன். நான் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அட்டை, ஊடை போகாமலேயே நகர்ந்துபோயிருக்கிறது. கம்ப்யூட்டர் என்று பாடம் எடுத்தவள் நான்தான்.

"நீங்க உள்ள போனப்ப நான் மிதிச்சேன்க்கா" என்றேன்.

அக்கா திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐந்து. கணவருக்குப் போன் போட்டார். சௌராஷ்டிரத்தில் நான்கே வார்த்தை பேசினார். அவர் சைக்கிளைப் போட்டபடியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். மூன்று விரற்கடையையும் ஒவ்வோர் இழையாக உருவ வேண்டும். அவர் ஸ்டூலில் ஏறி நின்று அட்டைகளைப் பின்னோக்கி ஒன்றொன்றாகத் திருப்ப, அக்கா கீழே உருவினார். உருவிய ஜரிகை முறுக்கிக்கொண்டால் வீண். அதைப் பிடிக்க ஆள் இல்லை. நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டேன்.

மெக்சிகோ அம்மா அதற்குள் தறிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தார்க்குச்சியை எடுத்து, அக்கா உருவித் தருவதை முறுக்கிக்கொள்ளாமல் சுற்ற ஆரம்பித்தார். அவர்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு பக்கம் இழை வரும், மறு பக்கம் சுற்றும். அக்கா நின்றால் அவரும் நிற்பார். தன் ஊரில் தறியைவிட்டு எழும்போது உட்காரும் பலகையில் ஒரு கூடை கம்பளியைக் கவிழ்த்துவிட்டுப் போவாராம் அம்மா, யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று. மகள் இதைச் சொன்னபோது பெங்களூர் அம்மாள் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாப்பாட்டுக்காரர் போன் செய்தார். எடுக்கவில்லை. விடுதி முதலாளி செய்தார். எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன். வாசலுக்கும் தறிக்கும் நடந்தேன். ஒன்று ஐம்பது. இரண்டு பத்து. உருவி முடிக்கவே இரண்டரை ஆகும்போலிருந்தது.

இரண்டு இருபதுக்கே வாசலில் கார் வந்து நின்றது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும், அவருடைய அக்காவும். பெண்ணுக்கு அத்தை. குறுவை அறுப்புக்கு மெஷின் ஆறு மணிக்கு வருகிறதாம், வானம் வேறு கறுக்கிறதாம், அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். அத்தை தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் வைத்துப் பிடித்தபடி இறங்கினார்.

அக்கா சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"முகூர்த்தப் புடவையைப் பிரிக்கறத அவங்க பாத்துடக் கூடாது. பாத்தா வாங்கமாட்டாங்க. எப்படியாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நான் வாசலுக்குப் பாய்ந்தேன். தாம்பாளத்தை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். புடவை முடியும் தறுவாயில் ஆள் எட்டிப் பார்த்தால் கை தடுமாறும், அதற்குள் உங்கள் புடவை பிறந்த இடமெல்லாம் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். பெண்ணின் அப்பா, பிறந்த இடமெல்லாம் எதுக்குங்க, கைக்கு வந்து சேர்ந்தா போதும் என்றார். அத்தைக்கு மட்டும் ஆசை வந்துவிட்டது. அப்படியே என் ஞாயிற்றுக்கிழமைச் சுற்று அவர்களுக்கு மறுபடி ஆரம்பமானது.

சாயப்பட்டறை. நூல் கட்டு. வெறும் தெரு. ஆங்கிலத்தில் அரைமணியில் சொன்னதைத் தமிழில் ஒரு மணி நேரம் சொன்னேன். பெண்ணின் அப்பா மெஷின்காரருடன் போனிலேயே இருந்தார்: வயலில் தண்ணி வடிச்சாச்சு, வாய்க்காப் பக்கமா இறக்காதீங்க, ஈரம். அத்தை என்னை நெசவாளர் சங்கத்துப் பெண் என்று நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. தெருவில் மாலைகளைத் தொங்கவிட்டதுபோல் நூல் காய்ந்த ஒரு வீட்டில் பத்து நிமிஷம் ஓட்டினேன். மணி மூன்றே முக்கால். மழை இரண்டு சொட்டு விழுந்து நின்றது. இன்னும் போன் வரவில்லை. வேறு எதுவும் மிச்சமில்லை. சாயப்பட்டறைக்கே திரும்ப அழைத்துப்போனேன். சாயம் ஆறியதும் தொட்டி வேறு மாதிரி இருக்கும் என்றேன். தொட்டி அதே மாதிரிதான் இருந்தது. பட்டறைக்காரர் பாவம், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

நான்கு பத்துக்கு அக்காவின் கணவர் மிஸ்டு கால் கொடுத்தார். ஓடாமல் நடப்பது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது கடைசி ஊடை போய்க்கொண்டிருந்தது. சூடம் காட்டினார்கள். அக்கா பாவின் குறுக்கே கத்தியை ஓட்டினார். கணவர் விசிறிபோல் கொசுவி மடித்தார். தாம்பாளத்தில் வைத்து அத்தை வாங்கிக்கொண்டபோது மணி நான்கு இருபத்தாறு. அத்தை கரையை விரலால் தடவத் தடவ, எந்த அன்னம், எந்த அன்னம் என்று என் கண் தேடியது. எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

கார்க் கதவுவரை போனேன். பெண்ணின் அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தார். அத்தை ஏறப்போகும்போது, மறைத்து அனுப்ப மனம் வராமல் சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு இடம் தவறிப்போனதை, பிரித்து நெய்ததை, தவறவிட்டது நான்தான், அவர்கள் இல்லை என்பதை.

அத்தை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஆறின தொட்டியப் பாக்க ரெண்டாந்தடவ கூட்டிட்டுப் போனியே, அப்பவே நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த எடம்னு சொல்லிடாத. தெரிஞ்சா என் கண்ணு அங்கயேதான் போவும்" என்றார்.

எந்த இடமென்று எனக்கும் தெரியாது என்றேன். அப்ப சரி என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே வந்தபோது மெக்சிகோ அம்மா காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் அப்படியே. மகளும் பெங்களூர் தம்பதியும் வீட்டுச் சாதத்தில் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கோயில் போய்விட்டது, இலைச் சாப்பாடு போய்விட்டது. முதலாளியிடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் மூளை ஓடிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் வாய் கேட்டுவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாமாக்கா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க. ஆனா நான் தறியவிட்டு எழுந்திரிச்சா, நீங்களும் என்கூட அடுப்படிக்கு வந்துடணும்" என்றார்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். அக்கா எழும்போதெல்லாம் சுற்றிப் பார்க்க வந்த பத்துப் பேரையும் எழுப்பி அந்தச் சின்ன அடுப்படிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறோம்.