சிவப்பு வளையம் இல்லாத மரங்கள்

அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி, கண்மாயின் பெயர், மரங்களின் வரிசை எண்கள், கடைசிக் கட்டத்தில் என் எழுத்தில் இரண்டே சொற்கள்: "கூடுகள் இல்லை." எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அவசரத்தில் எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் மதுரையில் வனவராக வேலை பார்க்கிறேன். வனத்துறை என்றதும் ஊரில் எல்லோரும் யானையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யானையை நான் கோயிலில் பார்த்ததோடு சரி. என் பொறுப்பில் இருப்பவை நகரத்தின் ஓரத்துக் கண்மாய்கள் சிலவும், ஒரு பாறைக்குன்றும்தான். கரையில் கோழிக்கழிவு கொட்டுகிறவர்களிடம் சண்டை போடுவது, நாய் கடித்த மயிலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, இவைதான் அன்றாட வேலை.

கண்மாய்களுக்குள் நாட்டுக்கருவேல மரங்களை நாங்களே நட்டு வளர்க்கிறோம். முற்றிய பிறகு ஏலம் விட்டு வெட்டக் கொடுப்போம். ஆனால் அதே மரங்களில்தான் பறவைகளும் கூடு கட்டுகின்றன. அதனால் வெட்டு தொடங்குவதற்கு முன் ஒருமுறை மரம் மரமாக நடந்து பார்க்க வேண்டும். கூடு இருக்கும் மரத்தில் மார்பளவு உயரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் போடுவோம். வளையம் போட்ட மரத்தில் கோடாரி படக்கூடாது. கூடே இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை நம்பித்தான் வெட்டுகிறவர்கள் உள்ளே வருவார்கள்.

அந்தத் தை மாதக் கடைசியில் என் மகளுக்குப் பதிமூன்று மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கணவருக்குச் சென்னையில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். நாங்கள் குடியிருந்தது வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் மாடியில். வீட்டுக்கார அக்காதான் பகலில் மகளைப் பார்த்துக்கொள்வார். தண்ணீருக்கு அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரச் சொல்லைத்தான் என் மகள் முதலில் பேசினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மதியம் அலுவலகக் கழிவறையில் நின்று அழுதேன்.

கண்மாய்க்கு என்னோடு வந்தவர் வாட்சர் அண்ணன். கரையை ஒட்டிய ஊர்க்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், தினக்கூலி ஆள். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் அந்தக் கண்மாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் டப்பாவை அவர் தூக்கிக்கொள்ள, நான் தாளில் குறித்துக்கொண்டே போனேன். கரையோர மரங்களை முடித்துவிட்டோம். ஒரு கூடும் இல்லை. மிச்சம் இருந்தது நடுத்திட்டு மட்டும்தான். அங்கே போக முழங்கால் அளவு சேற்றில், காட்டாமணக்குப் புதரை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

அப்போதுதான் வீட்டுக்கார அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதும்மா. பாலும் குடிக்க மாட்டேங்குறா. நீ வந்துர்றியா?"

பால் கட்டி, காலையிலிருந்தே எனக்கு நெஞ்சு கனத்துப்போயிருந்தது. போனில் மகளின் அழுகையைக் கேட்டதும் சட்டை நனைந்துவிட்டது. வெயிலுக்குக் கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை யூனிபாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வாட்சர் அண்ணன் காதைத் திட்டுப் பக்கம் கொடுத்து நின்றார். "மேடம், குஞ்சுக சத்தம் மாதிரி கேக்குது. வக்காவா இருக்கும்."

வக்கா என்பது பகலெல்லாம் மரத்தில் உறங்கிவிட்டு, அந்தி சாய்ந்ததும் மீன் பிடிக்கப் போகும் பறவை. குட்டைக் கழுத்து, சிவந்த கண்.

"குஞ்சா இல்லாம வளந்த பறவையாவும் இருக்கலாம்லண்ணே?"

"இருக்கலாம். போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம். இல்லேன்னா நான் மட்டும் போறேன், நீங்க கெளம்புங்க."

நான் மட்டும் போகிறேன் என்று அவர் சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை. நான் ஒப்புக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். ஆனால் தாளை மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும், அவருக்கு எழுத வராது, கூடு இருந்தால் குறிக்கத் திரும்பவும் நான் அங்கே வர வேண்டியிருக்கும் என்று என் மனம் வேகவேகமாகக் கணக்குப் போட்டது. "இல்லண்ணே, போன வருசமும் அங்க கூடு இல்ல. நீங்களும் வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நனைந்த சட்டையைப் பார்த்திருப்பார். டப்பாவை மூடினார்.

வீட்டுக்கு ஓடிப் போனால், மகள் ஒரு ஸ்பூனை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பல் முளைக்கிற காய்ச்சல். நெற்றி லேசாகத்தான் சுட்டது. மடியில் போட்டதும் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அவளை ஒரு கையில் அணைத்தபடி மறு கையால் எழுதியதுதான் அந்த இரண்டு சொற்கள்.

ஒரு வாரம் கழித்து வெட்டு தொடங்கியது. மூன்றாம் நாள் காலை நான் கரையில் வண்டியை நிறுத்தும்போதே திட்டின் மேல் பறவைகள் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. பகலில் இப்படிப் பறக்காத பறவைகள். தண்ணீர் வற்றிச் சேறு இறுகியிருந்ததால் இந்த முறை நடப்பது சுலபமாக இருந்தது. அதுவே எனக்கு வலித்தது.

வெட்ட வந்தவர்கள் எழுமலைப் பக்கத்து ஆட்கள். ஆண்கள் மெஷினால் மரத்தை அறுப்பார்கள், பெண்கள் கிளையைக் கழித்துக் கட்டுவார்கள். விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே பெண்கள் குஞ்சுகளைப் பொறுக்கி ஒரு சிமெண்டு சாக்கில் வைத்திருந்தார்கள். பாதி முளைத்த இறகும் பெரிய அலகுமாக அவை கிடந்தன. பயந்தால் வக்காக் குஞ்சு தின்ற மீனையெல்லாம் கக்கிவிடும். அந்த இடமே கவிச்சி அடித்தது.

"இந்தா, கையில எடுத்தாப் போதும், கக்குது பாரேன்! எங்க வீட்டு ஆளு சனிக்கெழம குடிச்சுட்டு வந்து நிக்கிற மாதிரியே!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சாக்கை என் பக்கம் நகர்த்தினாள். "ஆபீசரம்மா, மரத்துல செவப்பு இல்ல. இருந்தா நாங்க தொடுவமா? நல்லா சுத்திப் பாத்துட்டுத்தான் வெட்டுனோம்."

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றேன். யார் மேல் தப்பு என்று சொல்லவில்லை.

வெட்டை நிறுத்தினோம். எஞ்சிய மரங்களில் இருந்த கூடுகளைப் பார்த்து வளையம் போட்டோம். குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே சில இறந்துவிட்டன. பிழைத்தவை நான்கு.

அதற்குள் கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். மாலைக்குள் அது எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. மறுநாள் ரேஞ்சர் சார் நேரில் வந்தார். எனக்கு மேலதிகாரி, கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கரையில் நின்றபடி கேட்டார். "திட்டுக்குள்ள போயி பாத்தது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம். ஆனால் சத்தம் வருவதற்குள் பின்னாலிருந்து வாட்சர் அண்ணன் குரல் கேட்டது.

"நாந்தான் சார். மேடம் கரையப் பாத்தாங்க, திட்டுக்கு நான் போனேன். கூடு கண்ணுல படல. அதத்தான் மேடத்துக்கிட்டச் சொன்னேன்."

ரேஞ்சர் சார் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்மாயைப் பார்த்தேன். வாட்சர் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஜீப் போன பிறகு கேட்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"விடுங்க மேடம். எங்கள வாயில திட்டுவாக, நாலு நாள்ல மறந்துருவாக. ஒங்கள எழுத்துல கேப்பாக. அது கடைசி வரைக்கும் கூடவே வரும்." பிறகு சிரித்தார். "அன்னைக்கு ஒங்க மொகம் இருந்த இருப்பப் பாத்தா, எனக்கே சேத்துல எறங்கச் சொல்ல மனசு வரல."

அவர் நினைத்ததுபோல நடக்கவில்லை. சாயங்காலமே ரேஞ்சர் சார் போனில் சொல்லிவிட்டார். "அந்த ஆளு நாளைல இருந்து வேணாம்மா. மேல கேட்டா, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லணும்ல." வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட வேண்டியது நான்தான். போட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இரண்டு நாளும் என்னிடம் காரணம் இருந்தது. வேலை நிரந்தரமானதே இப்போதுதான், குழந்தைக்காரிக்குப் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள், எனக்குப் பின்னால் வரும் பெண்களுக்கும் அது கெட்ட பெயர். எல்லாமே உண்மைதான். உண்மையான காரணங்கள் இவ்வளவு வசதியாகக் கிடைத்ததில்தான் எனக்கு உறுத்தல்.

மூன்றாம் நாள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். திட்டுக்கு யாரும் போகவில்லை, வாட்சர் குஞ்சு சத்தம் கேட்பதாகச் சொன்னார், தனியாகப் போய்ப் பார்க்கவும் முன்வந்தார், வேண்டாம் என்றது நான்.

ரேஞ்சர் சார் இரண்டு முறை படித்தார். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு ஒரு போன் போட்டிருந்தா நான் வேற ஆள அனுப்பியிருப்பேன்லம்மா?"

அவரிடம் உதவி கேட்கவே அன்று எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று, யாரும் நினைக்காத ஒன்றுக்கு நான் பயந்திருந்தேன்.

பிறகு அவர் வேறொன்றும் சொன்னார். "அப்ப அந்த ஆளு என்கிட்ட நேருக்கு நேரா பொய் சொல்லியிருக்கான். கைநாட்டும் வச்சிருக்கான்."

இதை நான் யோசிக்கவே இல்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதிய தாள், அவரைப் பொய்யராக்கியிருந்தது. நான் கெஞ்சினேன். எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், எச்சரிக்கையோடு முடிந்தது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கண்மாய்க்கு இல்லை. எழுமலைக்கு அருகே உள்ள நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றப் போகச் சொன்னார்கள். அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஐப்பசியில் மரக்கன்று ஏற்றிவர வேனில் அங்கே போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். வேப்பங்கன்றுப் பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க மேடம். பாப்பா நடக்குதா?"

"ஓடுறாண்ணே."

இருவருமாகக் கன்றுகளை ஏற்றினோம். வேன் கதவைச் சாத்தும்போதுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. "எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மேடம். நான் சொன்னது பொய்யின்னு ஆபீஸ் பூராம் தெரிஞ்சுபோச்சு."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்கண்ணே."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே புரட்டிப் பார்த்தேன். அவருக்காக எழுதினேனா, இரண்டு நாளாய் இறங்காத சோறு எனக்கு இறங்க வேண்டும் என்று எழுதினேனா? திட்டைப் பார்க்க அவரை அன்று போகவிடவில்லை. தான் சொன்ன பொய்யை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யவும் அவரை விடவில்லை. இரண்டு முறையும் எனக்குத்தான் அவசரம்.

இந்தத் தை மாதம் வேறொரு கண்மாயில் அதே வேலை. புது வாட்சர் கரையிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு நானே சேற்றில் இறங்கினேன். நடுவில் போன் அடித்தது, வீட்டுக்கார அக்கா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கடைசி மரத்துக்கு வளையம் போட்டு முடிக்கும்வரை எடுக்கவில்லை. காது போனிலேயே இருந்ததில் கடைசி வளையம் கோணலாகிவிட்டது. கரையேறிக் கூப்பிட்டபோது அக்கா சொன்னார்: "ஒண்ணும் இல்லம்மா, ஒன் குரலக் கேக்கணும்னு அழுதா. இப்பத்தான் தூங்குனா."

அங்கேயே நின்று எழுமலை நாற்றங்காலில் இருந்த வாட்சர் அண்ணனுக்குப் போன் போட்டேன். வளையங்களின் எண்ணிக்கையைச் சொன்னேன்.

"இம்புட்டா!" என்றார் வாட்சர் அண்ணன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது குரல். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அம்புட்டையும் நீங்களே போயி பாத்தீகளா மேடம்?"

"பார்த்தேண்ணே" என்றேன். முழங்கால்வரை இருந்த சேறு காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.