ராகு காலத்தில் இன்டர்நெட்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முழுதாக நம்பியதில்லை. அதில் தவறு இருப்பதாக நாங்கள் நினைத்ததும் இல்லை. அப்பா தேங்காயைக் கடையில் ஒரு முறை தட்டிப் பார்ப்பார், வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடியும் தட்டிப் பார்ப்பார். அம்மா தினமும் பாலில் ஒரு சொட்டைத் தரையில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். பால்காரர் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். இந்த இருவருக்கும் பிறந்த நான், தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்குள் வந்த இன்டர்நெட்டை முதல் நாளே சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

அந்த மோடம் பழையது. கணபதி என்ற எங்கள் பகுதியில், தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு மில் ஆபீஸில் வேகமான லைன் போட்டுக்கொண்டு இதைக் கழித்துக் கட்டினார்கள். அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். கழித்ததற்கு வேறு ஏதும் காரணம் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. பட்டறையில் மழுங்கின டூலை வைத்துக் கடைந்தால் ஒரு சத்தம் வருமே, இணைப்பு கிடைக்கும்போது அந்த மோடத்திலிருந்து அதே சத்தம் வந்தது.

அப்பாவுக்கு சத்தி ரோட்டில் சின்ன லேத் பட்டறை. பம்ப்செட்டுக்குள் சுழலும் இம்பெல்லரைக் கடைந்து கொடுப்பார்கள். கொழும்பிலிருந்து வாங்குகிற வியாபாரி ஒருவர், இனிமேல் டிராயிங்கை ஈமெயிலில்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். பி.காம் முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, கல்யாணத்துக்காக வீட்டில் உட்கார்ந்திருந்த என் தலையில் அந்த வேலை விழுந்தது.

ஒரு டிராயிங் இறங்கி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து வரவேண்டும். அந்த நேரம் முழுக்க வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஃபோன் எங்கேஜ்டாக இருக்கும். வீட்டுக்கும் பட்டறைக்கும் அந்த ஒரே லைன்தான். ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுகிறவர் சலித்துப்போய் அடுத்த பட்டறைக்குக் கூப்பிட்டுவிடுவார் என்று அப்பா பயந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தினசரிக் காலண்டரைப் பார்த்து ராகு காலத்தில் மட்டும் இன்டர்நெட் போடுவது. ராகு காலத்தில் எங்கள் பக்கம் யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள், விலை பேச மாட்டார்கள், நல்ல செய்தி எதுவும் சொல்ல மாட்டார்கள். ஃபோன் சும்மாதான் கிடக்கும்.

"ராகு காலத்துல புது வேலை தொடங்கக் கூடாது அம்மணி," என்றார் அப்பா.

"இதுல என்னங்கப்பா தொடங்கறது? அவிய எப்பவோ அனுப்பிப்போட்டாங்க. நாம எறக்கறது மட்டுந்தானுங்க."

அப்பா வெகு நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். இறக்கிக்கொள்ளலாம், ஆனால் ராகு காலம் முடியும் வரை திறந்து பார்க்கக் கூடாது. அப்படியே செய்துவந்தோம். டிராயிங் வந்து சேர்ந்த பிறகும் நானும் அப்பாவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சமையலறைச் சுவரில் அதே லைனில் ஒரு பேரலல் ஃபோன் இருந்தது. அதை யாராவது கையில் எடுத்தாலே மோடம் செத்துவிடும். முக்கால்வாசி இறங்கிய டிராயிங் அப்படியே நிற்கும். நான் எழுந்து போய்ப் பார்த்தால் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

"நான் எதுக்குக் கண்ணு அத எடுக்கறேன்?" என்பாள். ஃபோனின் சுருட்டை வயர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நாள், நல்ல நேரம் குறித்துப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். பையனின் அப்பா வரவில்லை.

"அவருக்குக் கொஞ்சம் வேலைங்க," என்று தரகர் சொன்னார். சொல்லும்போது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வராத அளவுக்கு ஒரு அப்பாவுக்கு என்ன வேலை என்று அம்மா சமையலறையில் என்னிடம் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

பையன் ஹாலின் மூலையில் இருந்த கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொடுத்தபோது, "இந்த மோடம் இன்னும் ஓடுதுங்களா?" என்றார். தன் கம்பெனியில் ஐஎஸ்டிஎன் லைன் இருக்கிறது என்றும், டிசைனெல்லாம் கேட்ட உடனே வந்துவிடும் என்றும் சொன்னார். பெருமையடிக்கிறாரோ என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

"உங்களுக்கு எந்நேரத்துலங்க லைன் ஃப்ரீயா கெடைக்கும்?" என்று கேட்டார்.

"ராகு காலத்துலதானுங்க போடுவேன். அப்ப யாரும் கூப்புட மாட்டாங்க."

அவர் சட்டென்று சிரித்துவிட்டு, காபியைக் குடிக்கிற மாதிரி தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. பெண் அதை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பையனின் அப்பாவே ஃபோன் செய்து முடிவைச் சொல்லுவார் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஃபோனுக்குக் காவல் தொடங்கியது. நல்ல நேரத்தில் அந்த லைனை யாரும் தொடக் கூடாது என்றார் அப்பா. அதுவரை அவசரத்துக்கு அப்படி இப்படி இன்டர்நெட் போட்டுக்கொண்டிருந்த நான், அதன்பின் ராகு காலத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலும் போடவில்லை, பின்னாலும் போடவில்லை.

ஃபோன் வரவே இல்லை.

ஒரு வாரம் போனதும் சந்தேகம் ஆரம்பித்தது. யாரோ நம்மைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றார் அப்பா. பங்காளி வீட்டில் ஒருவர் மேல் அவருக்குச் சந்தேகம். அம்மாவுக்கு எதிர்வீட்டு அம்மாவின் மேல். சம்பந்தம் வந்த அன்று அவள் வாசலில் அளவுக்கு மேல் நேரம் கோலத்தைப் பார்த்தபடி நின்றாளாம். எனக்குத் தரகர் மேல். வீட்டுக்குள் எல்லாரும் சாதாரணமாகச் சாப்பிட்டோம், பேசினோம், ஆனால் ஃபோன் அடித்தால் மூன்று பேரும் எழுந்து நின்றோம். அது பட்டறைக்கான ஃபோனாக இருக்கும். ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டவரிடம் அப்பா எரிந்து விழுந்தார்.

அதன்பின் ஒரு நாள் மளிகைக்கடைக்குப் போன அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள். அந்தக் கடை பாய் எங்களுக்கு வெகுநாள் பழக்கம். யாரோ ஒருவர் வந்து எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்ததாக அவர் சொன்னாராம். எங்கள் ஊர்ப்பக்கம் சம்பந்தம் பேசினால் கடையில், பால் சொசைட்டியில் இப்படி விசாரிப்பது வழக்கம்தான். என்ன கேட்டார் என்பதுதான் விஷயம்.

"எப்பக் கூப்புட்டாலும் எங்கேஜ்டாவே இருக்குதாமா. அந்தப் புள்ள தெனமும் ஒரு மணி நேரம் ஒன்ற மணி நேரம் யாருகிட்டப் பேசுதுன்னு கேட்டாராம்," என்றாள் அம்மா. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுவோம், ஒருவர் மறைத்ததை ஒருவர் தோண்டுவோம், ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் என்னை அம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் உண்மை என்று நினைப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ராகு காலம் தொடங்கும்போதே அப்பா பட்டறையை விட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் நீலப்பட்டை நகருவதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். அது நகருகிற வேகத்துக்குக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். தூக்கம் கலைந்ததும், "யாரு பேசுனாங்க?" என்பார்.

"யாருமில்லீங்கப்பா. பாதி எறங்கியிருக்குது."

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராகு காலம் முற்பகலில். அப்பா அரைத் தூக்கத்தில் இருந்தார். கேட் சத்தம் கேட்டு அம்மா வெளியே போனாள். வெள்ளை வேட்டியும் கறுப்புச் சட்டையுமாக ஒருவர் நின்றார்.

"சத்தியில இருந்து வாரேனுங்க. மாப்பிள்ளையோட அப்பனுங்க," என்றார்.

அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். சம்பந்தப் பேச்சு ராகு காலத்தில் வீட்டுக்குள் வருவதா, வந்தவரை வெளியே நிறுத்துவதா? இரண்டும் அவளுக்கு ஆகாது. "வாங்க, தண்ணி குடிங்க. பேசறதெல்லாம் செத்த நேரங் கழிச்சுப் பேசிக்கலாமுங்க," என்றாள்.

"ராகு காலம் போகட்டுமுங்களா?" அவர் சிரித்தார். "நான் எந்த நல்ல காரியமும் அந்நேரத்துலதானுங்க பண்றது. நாப்பது வருசமா அப்படித்தான்."

அப்பாவுக்கு முழுத் தூக்கமும் போய்விட்டது. தரகர் எதை மறைத்தார், நல்ல நேரத்தில் நடந்த பெண் பார்ப்புக்கு இவர் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அந்தக் கறுப்புச் சட்டையைப் பார்த்ததும் எங்கள் மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வாரமாக் கூப்புடறேன். ஒரு நாளுங் கெடைக்கல. இப்பக்கூட பஸ் ஸ்டாண்டு பூத்துல இருந்து போட்டுப் பார்த்தேன், எங்கேஜ்டு. ஃபோன்ல யாருங்க?"

"யாருமில்லீங்க, கம்ப்யூட்டருங்க," என்றார் அப்பா.

அதை அவர் நம்பவில்லை. சமையலறை வாசல் வழியாகத் தெரிந்த பேரலல் ஃபோனை நோக்கி நேராகப் போய், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உடனே காதை விட்டுத் தள்ளிப் பிடித்தார். இங்கே திரையில் கடைசி இஞ்சில் நின்றிருந்த நீலப்பட்டை செத்தது.

"போச்சுங்க," என்றேன். பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "இன்னும் கொஞ்சந்தான் இருந்துச்சு. இனி மொதல்ல இருந்து வரோணும்."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத எதுக்கு அம்மணி இந்நேரத்துல பண்றே?"

"இந்நேரத்துலதானுங்க ஃபோன் ஃப்ரீயா இருக்கும்."

"தெனமுமா? ராகு காலத்துலயா?"

"தெனமுந்தானுங்க."

"ஒண்ணும் ஆகலியா?"

"லைன் கட்டாகுமுங்க. அது எந்நேரத்துல போட்டாலும் கட்டாகுமுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதமுங்க," என்றார். அப்பா எழுந்து கைகூப்பினார். கூப்பிய கையோடு, "அதையே பன்னெண்டு மணிக்கு மேல இன்னொருக்காச் சொல்லீருங்க," என்று கெஞ்சினார். அவர் மதியம் இருந்து சாப்பிட்டார். பன்னிரண்டுக்கு மேல் அப்பா மறுபடி கேட்டபோது, "அப்பச் சொன்னதுதானுங்க," என்றார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா திருப்திப்பட்டாள்.

கல்யாணம் நல்ல நேரத்தில் நடந்தது. மாமனார் எங்களுக்காக அதைப் பொறுத்துக்கொண்டார், பத்திரிகையை மட்டும் ராகு காலத்தில் கொடுத்தார்.

சில மாதம் கழித்து, சத்தியமங்கலத்து வீட்டில் மாமனாரோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. "அன்னிக்கே லைன் கெடச்சிருந்தா ஃபோன்லயே சம்மதஞ் சொல்லியிருப்பீங்கல்லங்க மாமா? உங்களுக்கு பஸ் அலைச்சல் மிச்சமாயிருக்கும்," என்றேன்.

"சம்மதமெங்கே கண்ணு? வேண்டாம்னு சொல்லத்தான் கூப்புட்டேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நேரங் குறிச்சுப் பொண்ணு காட்டறாங்கன்னு தெரிஞ்சப்பவே நமக்கு ஒத்துவராதுன்னு முடிவு பண்ணிப்போட்டேன். உங்க அத்தைக்கு மனசு ஆறல, அவ அண்ணனை உட்டு விசாரிச்சா. எங்கேஜ்டு கதையக் கேட்டதும் இன்னும் கெட்டியாயிருச்சு. ஆனா வேண்டாங்கறதத் தரகர் வாயில அனுப்பறது மரியாதை இல்ல பாரு. ஃபோன் கெடைக்கலன்னுதான் பஸ் ஏறுனேன். உன் வீட்டுக்காரன்தான், நேர்லயே போய்ச் சொல்லீருங்கப்பான்னான்."

அந்த லைனை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். நல்லதாக ஒரு லைன் இருந்திருந்தால் முதல் நாளே மணி அடித்திருக்கும், அப்பா எடுத்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். அதன்பின் கடைசியாக அவர் சொன்ன வாக்கியம் மெதுவாக உறைத்தது.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து வந்தவரிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங்க, ராகு காலத்துல நான் இன்டர்நெட் போடுவேன்னு பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே சொன்னேனுங்க. மாமா தெனமும் அந்நேரத்துலதான் கூப்புடுவாருன்னு உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஓடுது, கொஞ்சம் முன்னப்பின்னக் கூப்புடுங்கன்னு ஒரு வார்த்தை ஏனுங்க சொல்லல?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டின சட்டையை மறுபடி சரிசெய்தார்.

"காபி இருக்குதா?" என்றார்.

வெங்காயம் உரித்துக்கொண்டே பொய் சொல்லும் அம்மாவிடம் வளர்ந்தவள் நான். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முகத்தைத் தம்ளருக்குள் வைத்துக்கொண்டார்.