குடும்பத் தலைவி என்று எழுதச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா அவர்கள் மலேசியாவில் பீடோர் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அத்தான் இறந்த பிறகும் தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்து வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளை ஆளாக்கியவர். தப்பு என்று பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தம்பியான நான் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டம் கைமாறியபோது, மாற்று வீடு தருவதாகச் சொல்லிக் குடும்பப் பட்டியல் எடுத்தார்கள். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான்தான் வீடு வீடாகப் போய் எழுதினேன். அச்சடித்த பாரத்தில் கேட்டது குடும்பத் தலைவர் பெயர். கணவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. அவர் போன பிறகும் சொல்ல மாட்டார்கள். பதினொரு வீடுகளில் விதவைகள்தான் குடும்பத்தை நடத்தினார்கள். இறந்தவரை எப்படித் தலைவர் என்று போடுவது? பெண்ணின் பெயரையே போடலாம் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அந்த வரிகளைக் காலியாக விட்டேன். அக்காவின் வரியையும்தான்.

சில மாதங்களில் அந்தப் பதினொரு கதவுகளிலும் சிவப்புச் சாயத்தில் குறி விழுந்தது. பட்டியல்படி அவை ஆளில்லாத வீடுகள். முதலில் தண்ணீர் நின்றது. பிறகு பட்டப்பகலில் யாரோ ஒரு வீட்டின் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா காலத்துப் பெண்கள் விடுதலை பெற்ற நாட்டின் சட்டத்தைச் சொல்லித்தான் ஆண்களுக்குச் சமமாகக் கூலி கேட்டார்களாம். அதைக் கேட்டு வளர்ந்த அக்கா, குறி விழுந்த வீட்டுப் பெண்களைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தார்.

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்னு சுதந்திரம் வந்த மெர்டேக்காவுலயே எழுதி வெச்சிட்டாங்க லா. ஆம்பளைங்க மட்டும்னு அதுல எங்க இருக்கு? தலைவர் யாருன்னு கேட்டா, நான்தான்னு சொல்லுங்க."

எல்லாரும் சமம் என்ற அந்த வாசகத்தையே மனுவின் தலைப்பில் போட்டுப் பதினொரு பேரும் கையெழுத்திட்டு, ஈப்போ நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெரிய இடத்துப் பகை வேண்டாம் என்று நான் தடுத்தேன்.

"நீ விட்ட இடத்தத்தான்டா நான் நிரப்புறேன்" என்றார். அது இன்னும் சுடுகிறது.

வழக்குக்குத் தேதி கிடைத்த மறுவாரம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா கண்மூடினார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மண்வாரி இயந்திரம் லயத்துக் கோடியில் வந்து நிற்கிறது.

அக்காவைச் சுமந்தவர்களுக்கும், இத்தனை நாளும் சமைத்துப் போட்ட லயத்துப் பெண்களுக்கும், வழக்கை எடுத்துக்கொண்ட காம்பார் ஊரைச் சேர்ந்த வக்கீல் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எனக்கு மாற்று வீட்டுக் கடிதம் வந்துவிட்டது. அக்காவின் வழக்கில் சாட்சி சொன்னால் அது செல்லாது என்று பெயர் சொல்லாத ஒருவர் போனில் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். என் பேத்தி எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதையும் சொன்னார்.

அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஈப்போவில் வழக்கு. அந்த வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள், பட்டியலில் வரிகளைக் காலியாக விட்டவன் நான்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்வேன். பயமாக இருக்கிறது. வர முடிந்த உறவினர்கள் வந்து என் பின்னால் உட்காருங்கள்.