தங்கபாய் ஹார்டு டிஸ்க் வாங்கியது

தங்கபாய் கம்ப்யூட்டரில் பூ வரைகிறவள். தொண்ணூற்றேழாம் வருஷத்து ராஜபாளையத்தில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் விளங்கும். நைட்டியின் மார்புப் பக்கத்தில் அச்சாகும் கொடியும் மாங்காயும் மயிலும் அவள் வீட்டில் மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து வரைந்தவை. கணவர் நேசையன் தொடக்கப்பள்ளி வாத்தியார். அந்தப் பெட்டியை அவருக்கு அணைக்க மட்டும் தெரியும். அதையும் சுவர் சுவிட்சில்தான் அணைப்பார்.

தீபாவளி ஆர்டர் நெருங்கிய சமயம். மேசைப் பக்கமிருந்து டக் டக்கென்று சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்து அவள் ஈர்க்குமாறால் சுவரைத் தட்டினாள். சத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் திரை கறுத்து, ஒற்றை வரி இங்கிலீஷ் மட்டும் நின்றது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சோலைராஜ் வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளங்கையளவு இரும்புத் துண்டு ஒன்றைக் கழற்றாமலே அதில் காதை வைத்துக் கேட்டான்.

“ஹார்டு டிஸ்க் போச்சுக்கா.”

“அதுல இருந்த படம்?”

“அதுவும் அதோட போச்சு.”

அவளுக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. பீரோ பூட்டு உடைந்தால் துணி போய்விடுமா? வரைந்தது அத்தனையும் ஒரு தகட்டுக்குள் இருந்ததையே அன்றைக்குத்தான் அவள் முழுசாக உணர்ந்தாள். கம்பெனியில் கேட்கலாமென்றால், ஒரு ஆர்டர் அச்சடித்து முடிந்ததும் அச்சுச் சட்டத்தைக் கழுவி அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்கள். எதுவும் மிச்சமிருக்காது.

இனி வாங்குவது கெட்டுப்போகாததாக வாங்க வேண்டும். குழப்பம் அங்கே பிடித்துக்கொண்டது.

சோலைராஜ் எந்தத் தயக்கமும் இல்லாமல் சிங்கப்பூரில் செய்ததை வாங்கச் சொன்னான். அதே கம்பெனிதான், ஆனால் தாய்லாந்தில் செய்தது ஆறு மாதம் தாங்காது என்றான். சரி என்று தலையாட்டியவள், செத்துப்போன டிஸ்கைத் துடைத்து எழுத்தைப் படித்தாள். சிங்கப்பூர் என்றுதான் போட்டிருந்தது. அதைக் காட்டியபோது, அது பழைய சிங்கப்பூர், இது புதுசு என்று அவன் விளக்கம் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் பேச்சிமுத்து விஷயம் தெரிந்தவர் என்று நேசையன் சொன்னார். அடுத்த சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். பேச்சிமுத்து தன் வகுப்பில் ஓடுவதெல்லாம் தாய்லாந்து என்றார். சிங்கப்பூர் வாங்கி நொந்த கதை இரண்டு சொன்னார். பெரிய டிஸ்காக வாங்குங்கள், புதிதாக வருவதைத்தான் கவனமாகச் செய்கிறார்கள் என்றார். சோலைராஜோ, பெரிதானால் உள்ளே தகடு கூடும், தகடு கூடினால் வம்பும் கூடும் என்று சொல்லியிருந்தான். போதாக்குறைக்கு, பழைய கம்ப்யூட்டருக்குப் பெரிய டிஸ்கின் அளவே புரியாமல் போகலாம் என்றும் பேச்சிமுத்து ஒரு கொக்கி போட்டார். கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

“உங்க வீட்டுல கரண்டு எப்படி? பொசுக்கு பொசுக்குன்னு போகுமா? கம்ப்யூட்டரை எப்படி அணைப்பிய?”

தங்கபாய் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். நேசையன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார். “நான் அணைச்சதாலதான் போச்சுன்னு சொல்லுதியா?”

“நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. சிங்கப்பூரா, கரண்டா, கணவரா, காலமா, எது கெடுத்தது என்று சோலைராஜாலும் சொல்ல முடியவில்லை, பேச்சிமுத்தாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் இருவருமே அடித்துத்தான் பேசினார்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனாள். வெள்ளிக் காகிதப் பையில் இரண்டு டிஸ்கை சோலைராஜ் எடுத்து வைத்தான். இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். கனம் ஒன்றாகவே இருந்தது.

“சோலை, உன் வீட்டுல எது போட்டிருக்க?”

“என் வீட்டுல கம்ப்யூட்டரே இல்லக்கா,” என்றான் அவன், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு தாய்லாந்தை எடுத்தாள். இடது பக்கம் இருந்தது, எடுத்தாள், அவ்வளவுதான்.

டிஸ்க் வந்தது, படம் வரவில்லை. மறுபடி வரைய உட்கார்ந்தால் கை பழைய கொடியை மறந்திருந்தது. அன்று காய்கறி வாங்கப் போனவள், ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். துணிக்கொடியில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய மயில். தோகை சாயம் போயிருந்தாலும் வளைவு அப்படியே இருந்தது. பையிலிருந்த பேனாவை எடுத்து, ரசீதின் பின்பக்கம் அதை வரையத் தொடங்கினாள்.

வீட்டுக்காரி வெளியே வந்தாள். வெள்ளத்தாய் என்ற அந்தப் பெண் பஞ்சாலையில் வேலை பார்ப்பவள். தங்கபாயை முன்பின் தெரியாது.

“என்ன தாயி, என் நைட்டியையே பாத்துக்கிட்டு நிக்க?”

தங்கபாய் ரசீதைத் திருப்பிக் காட்டினாள். “இது நான் வரைஞ்சது. தொலைஞ்சு போச்சு. அதான்.”

வெள்ளத்தாய் நைட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். நைட்டி தொலையவில்லையே என்றாள். டிஸ்க், தகடு, தாய்லாந்து என்று தங்கபாய் சொன்னதில் அவளுக்கு எது புரிந்ததோ, உள்ளே போய் இன்னொரு நைட்டியைக் கொண்டுவந்து விரித்தாள். “இதுவும் நீ வரைஞ்சதா?” அது வேறு யாரோ வரைந்தது. இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கொடியில் ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனாள்.

அந்த வாரம் முழுக்கத் தங்கபாய் தெருத்தெருவாக மொட்டைமாடியையும் வாசல் கொடியையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். கிடைத்தது பாதிகூட இல்லை. வந்தவையும் பழையபடி வரவில்லை. மயிலுக்குக் கழுத்து நீண்டுவிட்டது. தளவாய்புரத்து நைட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் அந்த மயிலே நன்றாயிருப்பதாகச் சொல்லித் தீபாவளிக்கு அச்சடித்தார். வரைந்ததை எல்லாம் அவள் பிளாப்பி டிஸ்கிலும் ஏற்றிவைத்தாள். மழைக்காலம் வந்தபோது இரண்டு பிளாப்பியில் பூசணம் பிடித்தது.

மறுவருஷம் அந்த நைட்டிக்காரர் ஐயாதுரை சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகச் சொல்லி, எந்த டிஸ்க் நம்பகமானது என்று அவளிடம் கேட்டார்.

“எனக்குத் தெரியாதுண்ணே,” என்றாள் தங்கபாய். “என்னோடது இன்னைக்கு வரைக்கும் ஓடுது.”

அது ஒரு பதிலா என்ற முகத்தோடு, அவர் சோலைராஜ் கடைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.