அப்பாவின் வலது பாதத்திற்காக ஓர் எதிர்வாதம்

வெட்டியும் ஒட்டியும் பேசப் பழகியவள் நான். சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்த அணி வந்தாலும் அந்த அணிக்காக நிற்பேன், நின்றால் வெல்வேன். கல்லூரி மேடையில் என்னைத் தோற்கடித்தவர் எவரும் இல்லை என்பதை அடக்கமின்றியே எழுதுகிறேன்.

அந்த முறை தலைப்பு, ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஸ்டெம் செல் என்னும் குருத்தணு மருத்துவம் விடியலா, விளம்பரமா என்பது. எனக்கு வந்தது விடியல். நல்லூரிலிருந்து கல்லூரி செல்லும் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி மேடையில் இப்படிச் சொன்னேன்: “குருத்தணுக்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை வெளியே அனுப்புகின்றன. பனியன் கம்பெனியில் கட்டிங்கிலிருந்து தையலுக்குப் போகும் துணிப் பண்டல்கள் போன்றவை அவை. ஒவ்வொரு பண்டலிலும் ஒரு கட்டளை. புதிய இரத்தக்குழாயைத் தொடங்கு என்கிறது ஒன்று; வீக்கத்தை அடக்கு என்கிறது மற்றொன்று. புண்ணில் சோர்ந்து கிடக்கும் உயிரணுக்கள் அதைப் படித்து எழுகின்றன.” அரங்கம் கைதட்டியது. தோழி எடுத்த காணொளியை அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பாவுக்கே அப்படியொரு புண் இருந்தது. தென்மாவட்டத்திலிருந்து வந்து, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுபவர் அவர். பெடலை நாள் முழுவதும் மிதிக்கும் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே அந்தப் புண். செருப்புப் போட்டால் மிஷினின் வேகம் பிடிபடாது என்று வெறுங்காலால் மிதிப்பார். சர்க்கரை நரம்பை மரக்கச் செய்திருந்ததால் வலியும் இல்லை. கம்பெனியில் விழும் வெள்ளைப் பனியன் துண்டுகளைப் புண்ணில் சுற்றிக்கொள்வார்.

வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கட்டைப் பிரித்த அந்த அம்மையார், புண்ணில் ஒட்டியிருந்த பஞ்சு இழைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்.

“ஏனுங்க, இது என்ன துணீங்க?”

“எக்ஸ்போர்ட் வெள்ளைம்மா. புதுத்துணி. மருந்துக்கடைத் துணியை விடச் சுத்தம்” என்றார் அப்பா.

“வெள்ளையா இருந்தாச் சுத்தம்னு ஆயிருமுங்களா? மொதல்ல மிதிக்கிறதை நிறுத்தோணுமுங்க. எலும்புக்குப் போயிட்டா வெரலை எடுக்கோணும். அப்புறம் பாதத்தையே கேக்கும்.”

நுண்பைகளைப் பற்றி நான் கேட்டேன். அவர் சிரித்தார். “நீ சொல்றது நெசந்தான் கண்ணு. எலிக்கு ஆறுது. மனுசங்களுக்கு இன்னும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்காங்க. இப்பவே போட்டு உடறேன்னு எவனாச்சும் கூப்புட்டா, காலைத் தூக்கிட்டு ஓடி வந்துரு.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா மறுநாள் வேலைக்கான சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

“லீவெல்லாம் வேணாம் தாயி. நீ சொன்ன பண்டல் மருந்து வந்துரும்ல? தையல் லைன்ல எல்லாருக்கும் உன் பேச்சைப் போட்டுக் காட்டிட்டேன். அதுவரைக்கும் கட்டுப் போட்டு ஓட்டிக்கிறேன்.”

என் பேச்சு அரங்கத்தை வென்றதோடு நிற்காமல் அப்பாவையும் வென்றிருந்தது. இப்போது அதை எதிர்த்து நிற்க வேண்டியவளும் நானே. சீட்டுக் குலுக்கத் தேவையில்லை. அணியை நானே எடுத்துக்கொண்டேன்.

“நான்தான் நடுவர்” என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா. “மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுல சீரியல் ஓடுது.”

“அந்த மருந்து வரும்ப்பா. நான் பேசினதுல ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா அது வர்றப்போ அதைப் போட்டுக்கிறதுக்குப் பாதம் இருக்கணும்ல?”

“நல்லாத்தான் பேசுற. கைதட்டணுமா?”

மேடையில் எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அடுக்குமொழியை மூட்டை கட்டினேன்.

“மிஷின் ஓடுறப்போ ஊசி மாத்துவீங்களா?”

“எவன் மாத்துவான்? வெரல்ல எறங்கிரும். ஆஃப் பண்ணிட்டுத்தான் மாத்தணும்.”

“ஷிப்மெண்ட் அவசரம்னு சூப்பர்வைசர் கத்தினா?”

“கத்திட்டுப் போறான். அதுக்காக...”

அப்பா நிறுத்திவிட்டார். தன் வலது காலைப் பார்த்தார். நானும் நிறுத்தினேன், பேசத் தெரிந்தவர்களுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும். அம்மா மட்டும் தீர்ப்பைச் சொல்லாமல், ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

முன்பாதம் தரையில் படாதபடி செய்த செருப்பொன்றை மருத்துவர் கொடுத்தார். கட்டுமாற்றும் பொறுப்பு என்னுடையது. வீட்டில் பனியன் துண்டு ஒன்றுகூட மிஞ்சாதபடி அப்பாவின் சாப்பாட்டுப் பையைத் துழாவிக் காலி செய்தேன்.

புண் இன்னும் மூடவில்லை. அடியில் சிவப்பாகப் புதுச்சதை வளர்கிறது, நல்ல அறிகுறி என்று மருத்துவர் சொன்ன நாளில், கம்பெனி சூப்பர்வைசர் தொலைபேசியில் அழைத்தார். ஸ்டூலின்மேல் காலை நீட்டியிருந்த அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இல்லண்ணே, இன்னிக்கும் வரல. ஊசி மாத்திக்கிட்டு இருக்கேன். மாத்தி முடிக்காம மிதிக்க மாட்டேன்.”