சுவருக்கு அந்தப் பக்கமும் அதே படம்

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வந்த புது பிளாஸ்டிக் வாசனை... இன்னும் மூக்கில் நிற்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்கு டிஷ் அன்டெனாவும் டிஜிட்டல் பெட்டியும் முதன்முதலாக வந்த காலம். ஹட்டன் டவுன் கடையில் சொன்ன விலை என் பல மாதச் சம்பளம். தீபாவளி அட்வான்ஸ் முழுவதையும் போட்டாலும் பாதிதான் தேறும்.

மற்றப் பாதியைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா தன் அட்வான்ஸில் போட்டாள். தனி மனுஷி. பெட்டி எங்கள் வீட்டில் இருக்கட்டும், சாயங்காலம் சேர்ந்து பார்ப்போம் என்று பேச்சு.

அடுத்த வாரமே கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கட்டிலை விட்டு இறங்க முடியாது.

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரையை எட்டாது. அதனால் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கும்.

"யாருண்ணே இப்ப அழுவுறது?" என்று அங்கிருந்தே கேட்பாள்.

என் மனைவி இராசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ காசுல நாம படம் பாக்குறோம். நல்லாவா இருக்கு?"

இன்னொரு பெட்டியா? அந்த விலைக்கு நினைக்கவே முடியாது. இதையே அங்கே மாற்றுகிறேன் என்றேன்.

"அப்ப மதினி எங்க பாக்கும்? வேணாண்ணே" என்றுவிட்டாள் செல்லம்மா.

கடைசியில் நீளமாக ஒரு வயர் வாங்கி, சுவருக்கு மேலால் எறிந்து, அவளுடைய பழைய டிவியில் மாட்டினோம்.

ஒரு பெட்டி, இரண்டு டிவி. இங்கே ஓடுவதுதான் அங்கேயும் ஓடும். ரிமோட் எங்களிடம். சேனல் மாற்ற அவள் ஊன்றுகோலால் சுவரைத் தட்டுவாள்.

"மதினி, நாடகத்தப் போடுங்க! செய்தி பாக்குற அண்ணன் கொறட்ட இங்க வரைக்கும் கேக்குது!"

இப்போது விலை இறங்கிவிட்டது. வீட்டுக்கொரு டிஷ். செல்லம்மாவுக்கும் தனிப் பெட்டி. வயரைச் சுருட்டி வைத்துவிட்டோம். அவரவர் வீட்டில் அவரவர் சேனல். சுவர் சும்மா இருந்தது.

இந்த வருஷம்தான் முதியோர் வகுப்பில் நான் எழுத்துப் படித்தேன். இதைக்கூட போனில் ஒற்றை விரலால் தேடித்தேடித்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் சுவரில், டொக்... டொக்...

"அண்ணே, உங்களுக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுமே. செய்தியில கீழ ஓடுறது என்னான்னு சொல்லுங்க."

அவள் சொன்ன சேனலைப் போட்டேன். "ம... லை..." என்று கூட்டுவதற்குள் எழுத்து போயே போய்விட்டது.

"ஓடிருச்சு தங்கச்சி!"

"ஓடட்டும்ணே, சுத்தி வரும். மாத்திறாதீங்க."

மாற்றாமல் காத்திருந்தேன்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, இரண்டு வீட்டிலும் ஒரே படம்.