முகாமில் எரிந்த மஞ்சள் கயிறு

என் அம்மா பெர்னதெத்துக்குச் சட்டம் என்றால் சட்டம். அதனால்தான் 1898-இல் பெங்களூரில் பிளேக் வந்தபோது, ஊருக்கு வெளியே போட்ட முகாமில் பெண்கள் கொட்டகையை அவளிடம் ஒப்படைத்தார்கள். கண்டோன்மென்ட் மாதா கோயில் சாமியார் சிபாரிசு. புருஷனைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாதவளுக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்?

முகாமில் நோயாளியின் துணி, நூல் எல்லாம் நெருப்புக்கு. நகை மருந்துத் தண்ணீருக்கு. ருக்மிணி என்ற அய்யர் வீட்டுப் பெண்ணை நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்கள். அம்மா அவள் தாலிக் கயிற்றை வெட்டி நெருப்பில் போட்டாள். புருஷன் சுந்தரராமன் ஆண்கள் கொட்டகையில் காய்ச்சலோடு, ஆனால் உயிரோடுதான் கிடந்தார். அய்யர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு அய்யரையே வைத்திருந்தார்கள் முகாமை நடத்திய புண்ணியவான்கள். கயிற்றைப் பற்றி ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சொந்தத் தாலியை அந்த வருடம்தான் கழற்றிய என் அம்மாவுக்குமா தோன்றக் கூடாது? இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும்.

மறுநாள் காலை ருக்மிணிக்கு நினைவு வந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கொடுத்த தண்ணீரைத் தள்ளிவிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று அம்மா சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

"பின்னே ஏன் கழட்டினேள்?" என்று கேட்டாள் ருக்மிணி.

அதற்குப் பிறகு அவள் பேசவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அம்மா மஞ்சளும் நூலும் தேடி ஓடினாள். புதுக் கயிற்றில் தாலியைக் கோத்தாள். புருஷன் கையால் கட்டினால்தான் நம்புவாள் என்று டாக்டரிடம் மன்றாடி, அவரை இந்தப் பக்கம் விட உத்தரவு வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சுந்தரராமன் கொட்டகை மூங்கிலைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். ருக்மிணிக்கு உயிர் போய் அரைமணி ஆகியிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. கயிற்றை அவள் கழுத்தில் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இதை அம்மா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். முகாமுக்குப் பின் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தாள். தாயத்தோ பூணூலோ ஜெபமாலையோ, கேட்காமல் யார் உடம்பிலிருந்தும் எடுத்ததில்லை. வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். அந்த டம்ளரை வேறு யாரும் தொடக் கூடாது. பைத்தியக்காரத்தனம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

கடைசிக் காய்ச்சலில் அம்மா இரண்டு நாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதட்டில் வைத்தால் வாயை இறுக்கிக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"முதல்ல அவளுக்குக் குடுடி" என்றாள்.

அந்தத் தனி டம்ளரை எடுத்து நிரப்பினேன். கட்டிலின் காலியான பக்கம் நீட்டி, "உங்க ஆத்துக்காரர் நன்னா இருக்கார், குடிங்கோ" என்றேன். அம்மா அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நம்பமாட்டேங்கறா" என்றாள்.

பிறகு தண்ணீருக்கு அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை.